முதுகைத் தொடுவோர் கற்க வேண்டியது

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லை முடிந்ததும் வரும் சிற்றூர் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே சத்தியவேடு செல்லும் வழியில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. வலை இழுப்போரும், நாற்று நடுவோரும், இயந்திரத்தின்முன் நாள் முழுதும் நிற்போரும் அருகருகே வாழும் இப்பகுதியில் முதுகுவலி எவருக்கும் புதிதன்று. வலி கண்டவர் செல்லும் இடங்களோ பல. மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவோர் உண்டு. சூளூர்ப்பேட்டைக்கோ சென்னைக்கோ செல்வோர் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்துப் புத்தூரின் பெயர் தாங்கிய கட்டு வைத்தியத்தை நாடுவோரும் உண்டு. பச்சிலைச் சாறும், முட்டை வெண்கருவும், மூங்கில் தப்பையும், துணியும் கொண்டு முறிந்த எலும்பைக் கட்டும் அம்முறை தமிழ்நாட்டில் ஊர்தோறும் பெயர்ப்பலகை காணும் அளவுக்குப் பரவியுள்ளது. அண்மைக் காலத்தில் நகரங்களில் கைரோபிராக்டர் என்ற பெயரிலும் சிலர் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்யும் தொழிலை நடத்துகின்றனர்.

இவர்களுள் எவர் சிறந்தவர் என்ற வழக்கு இங்கு எழவில்லை. முதுகைத் தொடும் எவராயினும், தொடுமுன் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எவ்வாறு எழுதிவைக்க வேண்டும் என்பதை ஆண்டுதோறும் புதிதாகக் கற்கிறார்களா என்பதே கேள்வி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் துன்புற்றனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு வலிக்குக் குறிப்பிட்ட நோய்க் காரணம் எதுவும் தென்படுவதில்லை. பெரும்பாலோர் நாளடைவில் தாமே குணமடைகின்றனர். இந்த உண்மையே ஆபத்துக்கும் காரணமாகிறது. எண்ணெய் தேய்த்தவரும், கட்டுப் போட்டவரும், எலும்பைச் சொடுக்கியவரும், ஒன்றும் செய்யாதவரும் சமமாக வெற்றி காண்கின்றனர். பத்தாவது நோயாளி வரும்போது அவரை அடையாளம் காணும் பழக்கம் கைக்கு வந்திருப்பதில்லை.

நம் நாட்டில் அந்தப் பத்தாவது நோயாளியிடம் முதலில் ஐயுற வேண்டியவற்றுள் ஒன்று முதுகெலும்புக் காசநோய். எலும்புகளைப் பற்றும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பையே தாக்குகிறது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779ஆம் ஆண்டிலேயே முதுகுக் கூனலையும் கால்களின் செயலிழப்பையும் இணைத்து இந்நோயை விவரித்தார். இருமல் இல்லாமலும் இது வரும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படம் குறையின்றித் தோன்றுவதும் உண்டு. ஆகவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லைக் கேட்டு, அரிக்கப்பட்டுவரும் முள்ளெலும்பின்மீது பலத்தைப் பிரயோகிப்பவர், குணப்படுத்தக்கூடிய நோயாளியை நடக்க இயலாதவராக்கக் கூடும்.

இது குணப்படுத்தக்கூடிய நோய் என்பதை நிலைநாட்டியதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், இந்நோய்க்கு அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்வியை 1970களில் நேரடியாக ஆராய்ந்தது. 6 மாதமோ 9 மாதமோ மருந்துண்டு, படுக்கையில் கிடவாமல் நடமாடிக்கொண்டிருந்த நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் நற்பலன் பெற்றனர். ஆயின், நடக்க இயலாத அளவுக்குக் கால் செயலிழந்தோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த நற்பலன் காலத்தே கண்டறியப்பட்டவர்களுக்கு உரியது.

காலத்தே கண்டறிவதற்கு எழுத்து வேண்டும். ‘முதுகுவலி, கால் பலவீனம்’ என்று எழுதப்பட்ட தாள் அடுத்த மருத்துவருக்கு எதையும் சொல்லாது. தசையின் வலிமையை 0 முதல் 5 வரை எண்ணால் குறிக்கும் முறையொன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அசைவே இல்லையெனில் 0, தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1, பூமியின் ஈர்ப்பை எதிர்க்காமல் அசைந்தால் 2, எதிர்த்து உயர்த்த முடிந்தால் 3, கையால் தடுத்தபோதும் ஓரளவு உயர்ந்தால் 4, முழுவலிமை 5. இம்மாதம் முதல் தேதியில் வலக்கால் பெருவிரல் 4 என்றும், பதினைந்தாம் தேதியில் 3 என்றும் இருக்குமாயின், நோய் தண்டுவடத்தையோ நரம்பையோ நெருக்குகிறது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும். தடாவில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. அங்குள்ள நோயாளி ஒரு வாரம் தெலுங்கில் எழுதிய சீட்டையும் மறு வாரம் தமிழரிடம் பெற்ற சீட்டையும் சுமந்து செல்பவர். எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா.

எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை அதிகமில்லை. வலி எத்தனை நாளாக உள்ளது, ஓய்விலும் இரவிலும் நீடிக்கிறதா, மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் உண்டா, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்ததா, விழுந்து அடிபட்டதா, சிறுநீர் கழிப்பதில் தடையோ அடக்க இயலாமையோ உள்ளதா, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்துள்ளதா என்பன போதும். கடைசி இரண்டுள் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் என்பது அங்கு இல்லை.

பயிற்சி அளித்தால் பதிவு பெறாதவருக்கு அரசே அங்கீகாரம் தந்ததாகிவிடும் என்று மருத்துவர் சிலர் அஞ்சுவர். அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2021இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பிசியோதெரபி முதலிய தொழில்களை ஒரு தேசிய ஆணையத்தின்கீழ்க் கொண்டுவந்தது. கைரோபிராக்டிக் தொழிலுக்கு அத்தகைய தனி மன்றம் நம் நாட்டில் இல்லை. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொழிலுக்கு ஒரு மன்றத்தை ஏற்படுத்தியதால், பதிவு பெற்றவர் ஆண்டுக்கு 30 மணி நேரம் கற்றாக வேண்டும் என்று விதிக்க முடிகிறது. இங்கு விதிக்க அதிகாரமில்லை. அழைக்க மட்டுமே முடியும். எனினும் முற்காலத்தில் கிராமத்து மருத்துவச்சிகளை அழைத்துக் கத்தியையும் நூலையும் கொதிக்கவைக்கக் கற்பித்தபோது, அவர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவராகிவிட்டதாக எவரும் எண்ணவில்லை. மக்கள் செல்லும் இடத்தில் அறிவு இராதிருப்பதைவிட இருப்பது மேல். மேலும், ‘முதுகுவலி’ என்ற ஒரு சொல்லோடு மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவமனைச் சீட்டு, கட்டு வைத்தியரின் வெறுங் காகிதத்தினும் உயர்ந்ததாகத் தோன்றவில்லை. பயிற்சி இரு சாராருக்கும் வேண்டும். ஒரே அறையில் அமர்ந்து பெறுவது இன்னும் நன்று.

கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இதில் உள்ள பங்கு சிறியதன்று. முதுகெலும்பில் நோய் கண்ட சிறுவன், தரையில் விழுந்த எழுதுகோலைக் குனிந்து எடுக்கமாட்டான். முதுகை நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி எடுப்பான். விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்பான்; உறக்கத்தில் அலறி எழுவதாகத் தாய் சொல்வாள். நாள்தோறும் அவனைப் பார்க்கும் ஆசிரியர் இதனைக் கவனிக்க வாய்ப்புள்ள அளவுக்கு, சில நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு இல்லை. கண்டவர் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல், பார்த்த தேதியையும் பார்த்ததையும் இரண்டு வரியில் எழுதி ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். காசநோய் உறுதியானால் அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் கட்டாயம், மருந்து இலவசம், ஊட்டத்திற்கான மாத உதவித்தொகையும் உண்டு.

பயிற்சிக்கு ஆண்டில் இரண்டு நாள் போதும். முதல் நாள் மாதிரி நோயாளிகளைக் கொண்டு கால் வலிமைக்கு எண்ணிடப் பழகலாம். ஒரே காலுக்கு இருவர் வெவ்வேறு எண் இட்டால் ஏன் என்று விவாதிக்கலாம். மறுநாள் சென்ற ஆண்டின் அட்டைகளை எடுத்துவைத்து, எவை காலத்தே அனுப்பப்பட்டன, எவை தாமதித்தன என்று பார்க்க வேண்டும். அட்டை நோயாளியின் கையில்தான் இருக்க வேண்டும், நிலையத்தின் அலமாரியில் அன்று. அவர் அடுத்து எங்கே செல்வார் என்பதை எந்த நிலையமும் முன்கூட்டி அறியாது.