பதிவறையிலிருந்து வந்தவர்கள்

'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முன்சீப் என்றே நினைவுகூர்கிறோம். அவர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத்தான் நுழைந்தார் என்பதும், மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டுப் பிறகே முன்சீப் ஆனார் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. நீதிமன்றத்தை மேடையிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தே பழகிவிட்டோம். நம் கதைகளிலும் வக்கீலும் கட்சிக்காரரும் வந்த அளவுக்குச் சிரஸ்தார் வந்ததில்லை என்பது என் எண்ணம். ஆனால் நீதிமன்றத்தின் அன்றாடம் அந்த நாற்காலியிலிருந்துதான் நடக்கிறது.

எங்கள் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கொன்றில் மேல்முறையீடு செய்வதற்காகச் சித்தப்பா தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பித்தார். அவகாசம் 30 நாள். நகல் பெற ஆகும் காலத்தைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். உரிய நாளுக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் அடிக்கப்பட்டுவிடும், அந்தச் சலுகையும் போய்விடும். எங்கள் விஷயத்தில் பட்டியல் ஒட்டப்படவே இல்லை, விண்ணப்பம் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. நகல் பிரிவுக்குச் சில நாள் முன்புதான் புதியவர் ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். அதுவரை பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர், வழக்கு எண்ணைச் சொன்னால் வாய்தா தேதியை நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர். பட்டியல் ஒட்டுவது யார் வேலை என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, அதற்கு எதிருரை, அதற்கு வாய்தாக்கள் என்று ஒன்றரை ஆண்டு கழிந்தது. அந்த மனிதர்மீது எனக்குக் கோபமில்லை. நேற்றுவரை பக்கத்து மேஜையில் தேநீர் குடித்தவரை இன்று வேலை வாங்க வேண்டும் என்றால் எப்படி என்று அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை.

தமிழ்நாட்டு நீதிமன்ற ஊழியர் பதவி உயர்வை எதிர்நோக்கி எழுதும் துறைத் தேர்வுகளைப் பாருங்கள். சிவில் நீதித்துறைத் தேர்வு, குற்றவியல் நீதித்துறைத் தேர்வு, கணக்குத் தேர்வு. எல்லாமே விதிகளைப் பற்றியவை, எல்லாமே தேவையானவை. பிராதில் நீதிமன்றக் கட்டணம் சரியா, வழக்கு அந்த எல்லைக்குள் வருகிறதா, காலம் கடந்ததா என்று பார்க்கத் தெரியாதவர் சிரஸ்தாராக இருக்க முடியாது. ஆனால் இரண்டு பேர் விடுப்பில் இருக்கும் நாளில் வேலையை எப்படிப் பகிர்வது, தேங்கிய கட்டுகளில் எதை முதலில் எடுப்பது, நண்பனின் தவறை நண்பனிடமே எப்படிச் சொல்வது என்பதற்கு வினாத்தாள் கிடையாது. மாநில நீதித்துறை அகாதெமிகள் ஊழியர்களுக்கும் வகுப்புகள் நடத்துகின்றன. நான் அறிந்தவரை அவற்றில் பெரும்பகுதி கணினியும் மென்பொருளும்தான்.

அரசுக்கு இந்தக் குறை தெரியாமலில்லை. 13ஆவது நிதிக்குழு 2010–15 காலத்துக்கு நீதித்துறைக்கென 5000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. நீதிபதிகளின் பயிற்சிக்கு 250 கோடி, அரசு வழக்கறிஞர்களின் பயிற்சிக்கு 150 கோடி. நிர்வாகத்துக்கு வந்தபோது அது வேறு வழி பிடித்தது: எம்.பி.ஏ. படித்தவர்களை நீதிமன்ற மேலாளர்களாக நியமிக்க 300 கோடி. ஏற்கெனவே உள்ளே இருக்கும் தலைமை எழுத்தரைப் பயிற்றுவிக்கத் தனித் தலைப்பு எதுவுமில்லை. வந்த மேலாளர்களுக்கோ ஒப்பந்த வேலை. அலுவலகத்தில் வேர் இல்லை, நீதிபதியிடம் உரிமையாகப் பேச இடமில்லை. 2015க்குப் பிறகு மத்திய நிதியும் நின்றது. அவர்களை நிரந்தரப்படுத்தச் சொல்லி 2018இலும், அதற்கான விதிகளை வகுக்கச் சொல்லி 2025 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. ஒரு பதவியை உருவாக்கிவிட்டு அது பதவிதானா என்று பதினைந்தாண்டுகள் யோசிப்பது நமக்கே உரிய பொறுமை.

மேலாளர்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அமெரிக்காவில் தலைமை நீதிபதி வாரன் பர்கரின் முனைப்பில் 1970இல் நீதிமன்ற மேலாண்மைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்குள்ள நீதிமன்றங்களில் ஊழியர்களுக்குக் கற்பிக்கும் ஒரு விஷயம் என்னை மிகவும் ஈர்த்தது: பொதுமக்களுக்கு நடைமுறையைச் சொல்லலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. எந்தப் படிவம், எங்கே, எப்போது என்று சொல்வது தகவல். வழக்கு போடலாமா என்று சொல்வது ஆலோசனை. இந்தக் கோடு தெரியாததால்தான் நம் ஊரில் எழுத்தர் இரண்டையும் சொல்லாமல் "வக்கீலைக் கேளுங்க" என்று முடித்துக்கொள்கிறார். அது ஆணவம் அல்ல, பெரும்பாலும் பயம். எங்கள் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்கப் போனபோது சித்தப்பாவுக்குக் கிடைத்ததும் அந்தப் பதில்தான்.

புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு முதல் மாதத்தில் ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அகாதெமி அரங்கில் சொற்பொழிவு வேண்டாம். வேறொரு நீதிமன்றத்தில், அதே நாற்காலியில் அனுபவப்பட்ட ஒருவரின் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். ஒரு விண்ணப்பம் வாசலில் நுழைந்து நகலாக வெளியேறும்வரை அதன் பின்னாலேயே நடக்கட்டும். நீதிபதிக்கும் அதில் ஒரு நாள் வேண்டும். அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார், அலுவலகப் பழக்கங்கள் இருக்கும்.

சித்தப்பாவின் வழக்கு விவரம் கேட்டு நான் சந்தித்த ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர், நீள நோட்டுப் புத்தகமொன்றைக் காட்டினார். எந்தக் கிழமை எந்தப் பலகையில் எது ஒட்டப்பட வேண்டும், யார் வராவிட்டால் யார் பார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் தம் கையால் எழுதி வைத்திருந்தார். அடுத்தவரிடம் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்க தம்பி" என்றார்.