மானிய யூரியாவும் எல்லைச் சோதனையும்: எங்கள் நிலைப்பாடு

இந்திய உழவர் 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அடக்கவிலையில் பெரும்பகுதியை அரசு மானியமாக ஏற்கிறது. அதே மூட்டை ரக்சவுல், ஜோக்பனி ஆகிய எல்லை ஊர்கள் வழியாகக் கள்ளத்தனமாக நேபாளத்துக்குப் போனால், மக்கள் வரிப்பணம் கடத்தல்காரரின் லாபமாகிறது. நடவு நேரத்தில் உரமின்றித் தவிப்பவர் எல்லையோரத்துச் சிறு விவசாயி. எனவே சுங்கத் துறைக்குச் சோதனை அதிகாரம் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அந்த அதிகாரம் யார் மீது பாய்கிறது என்பதே எங்கள் கவலை. சுமார் 1,750 கி.மீ. நீளும் இந்திய–நேபாள எல்லை திறந்த எல்லை. பல இடங்களில் வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே சைக்கிளில் மூட்டை வைத்துத் தள்ளிப் போகிறவரை மடக்குவது எளிது. அவர் தன் வயலுக்கே கொண்டுபோகலாம், கூலிக்குச் சுமக்கலாம். லாரி லாரியாகப் பதுக்கியவர் அவரல்லர்.

பதுக்குபவரைப் பிடிக்க 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமே வழி தந்திருக்கிறது. எல்லையிலிருந்து 100 கி.மீ. வரையிலான பகுதியையும், கடத்தப்படும் பொருளையும் அரசு குறித்து அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால், சரக்கு வைத்திருப்பவர் கிடங்கு இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும், கணக்கு எழுத வேண்டும், உரிய சீட்டோடுதான் ஏற்றிச்செல்ல வேண்டும். யூரியாவுக்கு இவற்றை மொத்த வியாபாரியிடமும் கிடங்கிலும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள். சில்லறைக் கடைகளில் ஆதார் பதிவோடு விற்பனைக் கருவியில்தான் உரம் விற்கப்படுகிறது. ஒரே பெயரில் மூட்டைகள் குவிவதை அந்தப் பதிவே காட்டிக்கொடுக்கும். வேளாண் துறை அதைச் சுங்கத் துறைக்குத் தர வேண்டும். கடை ரசீது காட்டும் விவசாயியை நிறுத்திவைக்கக் கூடாது.

பறிமுதலான உரத்தின் கதி இன்னொரு வேதனை. சரக்குக்கு உரியவருக்கு நோட்டீஸ் அனுப்பவே ஆறு மாத அவகாசம் உண்டு. அதை நீட்டிக்கவும் முடியும். ஈரக்காற்றுப் பட்டால் யூரியா கட்டிதட்டிவிடும். கெடக்கூடிய சரக்கை வழக்கு முடியுமுன்பே அகற்றச் சட்டம் இடம் தருகிறது. எடைபோட்டு, மாதிரி எடுத்து, படம்பிடித்துவிட்டு, கூட்டுறவுச் சங்கம் வழியாக அரசு விலைக்கே விற்றுவிடுங்கள். பணம் வழக்குக் கணக்கில் இருக்கட்டும்.

நேபாளத்தில் யூரியா ஆலை இல்லை. அங்குள்ள உழவரின் தேவை உண்மையானது; அவரை நாங்கள் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. உரம் வழங்க இரு அரசுகளும் 2022-இல் உடன்பாடு செய்துகொண்டன. அந்தச் சரக்கு நெல் நடவுக்கு முன்பே நேபாள எல்லை நகரமான பீர்கஞ்ச் போய்ச்சேர வேண்டும். அதற்கான தேதியை இரு அரசுகளும் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்கூட்டியே அறிவிக்கக் கோருகிறோம்.