இரவல் படங்கள்



இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை நம் பள்ளிக் கணினி அறையில் நானே நடத்திக் காட்டினேன். அதில் கற்ற பாடத்தை இந்த ஆண்டு மலரில் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘காட்சித் தொடர்பு’ என்ற பாடத்தில் ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளைப் பற்றிப் படிக்கிறோம். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2007-ஆம் ஆண்டில் உலகுக்கு வழங்கியது அது. வண்ணக் கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். மேடையில் நிற்கும் பூனை நடக்கும், பேசும், ஆடும்.

ஆனால் நம் ஆசை பூனையோடு நிற்கிறதா? இணையத்தில் தேடுகிறோம், கண்ணைக் கவரும் படத்தைக் கணினியில் சேமிக்கிறோம், அதை மேடையில் ஏற்றுகிறோம். ஜிஃப் என்னும் அசையும் படமானால், அதன் ஒவ்வொரு நிலையும் தனித்தனி ‘உடை’யாகப் பிரிந்து வந்து நிற்கிறது. வீடியோவை ஸ்கிராட்ச் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அதற்கும் நம்மவர் வழி கண்டிருக்கிறார்கள்! ஓடும் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் திரையைப் படம் பிடித்து, ஒவ்வொன்றாக ஏற்றிவிடுகிறார்கள். எல்லாம் சில நிமிட வேலை. இந்தச் சுலபம்தான் என்னை ஏமாற்றியது.

சென்ற ஆண்டு கண்காட்சிக்காக ‘நமது ஏலமலை’ என்ற தலைப்பில் ஓர் அசைபடம் செய்தேன். மலைப் பின்னணி, ஏலச்செடி, காய் பறிக்கும் பெண் மூன்றும் இணையத்தில் எடுத்தவை. அழகான பெண், பளபளக்கும் சேலை, தலைக்குமேல் கிளையில் கொத்துக் கொத்தாகக் காய்கள். அவள் கையை உயர்த்துவாள், காய் கூடையில் விழும். பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

அன்று மாலை என் தாயார் வந்தார். சிலமலையிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வரும் பெண்களில் அவரும் ஒருவர். படத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஏந்தாயி, ஏலக்காய் எங்கே மரத்துல காய்க்குது? தூர்லருந்து சரம் ஓடி மண்ணோட மண்ணாவுல்ல கிடக்கும்! உன் படத்துப் பிள்ளை அண்ணாந்து பறிக்குது. அப்படி இருந்தா எங்க முதுகு ஏன் வலிக்கப் போகுது?” என்றார்.

எனக்குத் தலை குனிந்தது. ஏலச்செடியின் காய் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டித்தான் காய்க்கும். அதனால்தான் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டியிருக்கிறது. அந்த வலிக்கு ஒவ்வொரு இரவும் தைலம் தேய்த்தவள் நான். அப்படியிருந்தும் யாரோ எங்கேயோ செய்த ஒரு பொய்ப் படத்தை நம்பி, என் தாயின் குனிந்த முதுகை மேடையிலிருந்தே நீக்கிவிட்டேன்!

ஆகவே என் முதல் கருத்து இது: நம்மைப்பற்றி நாமே சொல்லும் கதைக்கு இரவல் படம் உதவாது. நம் ஊரைப் பார்த்தறியாதவர் தந்த படம் நம் ஊரைச் சொல்லுமா?

இரண்டாவது கருத்து, உரிமையைப் பற்றியது. “படிப்புக்குத்தானே எடுக்கிறோம்?” என்று கேட்கலாம். நியாயமே. பாடம் கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் பிறர் படைப்பை எடுத்தாள, 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடமளிக்கிறது. ஆனால் வகுப்பறை வேறு, உலகம் வேறு. ஸ்கிராட்ச் இணையதளத்தில் நம் படைப்பைப் பகிர்ந்தால், பெயரைக் குறிப்பிட்டு எவரும் அதை எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் முறைப்படி நாமே அனுமதி தருகிறோம். நம்முடையது அல்லாத ஒன்றுக்கு அனுமதி தர நாம் யார்? ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற கதைதான்!

பாரதியாரின் பாடல்களை இன்று யாரும் பாடலாம், அச்சிடலாம். அந்த நிலை தானாக வந்துவிடவில்லை. அவற்றின் உரிமை தனியாரிடம் இருந்தது. மக்கள் குரல் எழுப்பினார்கள்; 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்தபோது அரசு அவ்வுரிமையை ஏற்க முன்வந்தது; பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. ஒருவர் படைப்பு ஊருக்குப் பொதுவாவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இது காட்டவில்லையா?

அப்படியானால் இரவலே கூடாதா? கூடும். திமிங்கிலத்தையும் சனிக்கோளையும் போடியில் படம் பிடிக்க முடியாது. அவற்றுக்கு விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுக் களஞ்சியங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின்கீழும் எடுத்தவர் பெயரும் நிபந்தனையும் எழுதியிருக்கும். ஸ்கிராட்ச் தளத்திலேயே நன்றி தெரிவிக்கத் தனி இடம் உண்டு. அதை வெறுமையாக விடுவது, விருந்துண்ட வீட்டில் சொல்லாமல் எழுந்து போவது போன்றது.

“நல்ல கேமரா இல்லையே” என்று சொல்லாதீர்கள். ஸ்கிராட்ச் மேடையின் அளவே 480-க்கு 360 புள்ளிகள்தான். வீட்டிலுள்ள சாதாரணக் கைபேசியின் படமே அதற்குத் தாராளம். அதுவும் இல்லையென்றால் மென்பொருளுக்குள்ளேயே தூரிகை இருக்கிறது, வரையலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மனிதரைப் படமெடுக்குமுன் அவரைக் கேளுங்கள். நான் கேட்டபோது என் தாயார், “முகம் வேணாம் தாயி, கையை எடுத்துக்கோ” என்றார்.

இந்த ஆண்டு என் அசைபடத்தில் செடியை நானே வரைந்திருக்கிறேன். சரம் மண்ணில் கிடக்கிறது. காய் பறிப்பது கறை படிந்த இரண்டு கைகள். நன்றி கூறும் இடத்தில் ‘கைகள்: என் அம்மா’ என்று எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டைப்போல் பளபளப்பு இல்லை. ஆனால் என் தாயார் பார்த்துவிட்டு, “இதுதான் ஏலக்காடு” என்றார்.

தோழியரே, உலகத்துப் படங்களைப் பார்ப்போம், நன்றியோடு எடுப்போம். நம் மலையின் படத்தை மட்டும் நாமே எடுப்போம்!