கடன் விதியை எழுதுவது யார்?

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம், புதூர் வட்டாரக் கரிசலில் மானாவாரி விவசாயிக்கு வருமானம் மாதாமாதம் வருவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தையில் உளுந்தும் பாசியும் வீடு வரும். வத்தலைக் காயப்போட்டு விற்க மாசி, பங்குனி ஆகிவிடும். அந்த வீட்டுப் பெண் வாங்கிய குழுக் கடனுக்கோ வாரத் தவணை, மாதத் தவணை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் காகிதத்தில் ஒரு மாத வருமானம் கிடைக்கும். கார்த்திகையில் அது கையில் இருக்காது. தவணைக் காலத்தைக் கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப மாற்றித்தர விதி இடம் தருகிறது. ஆனால், அது எப்படி என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடமும் விடப்பட்டிருக்கிறது.

அதே விதிகள்தான் நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பையும் நீக்கின. தொழில் தரப்பு வரவேற்றது. அந்தத் தரப்புக்கு டெல்லியிலும் மும்பையிலும் குரல் உண்டு: 1999இல் தொடங்கிய சா-தன், 2009இல் தொடங்கிய எம்ஃபின் ஆகிய சங்கங்கள். சங்கம் வைத்து அரசிடம் முறையிடுவது உரிமை, அதில் குற்றமில்லை. ஆனால், ரிசர்வ் வங்கி இந்த இரண்டையும் ‘சுய ஒழுங்காற்று அமைப்பு’களாகவும் அங்கீகரித்திருக்கிறது. தொழிலுக்காக வாதாடுபவரே தொழிலைக் கண்காணிக்கவும் செய்கிறார். வாதாடியபோது என்ன கேட்டார், யாரைச் சந்தித்தார் என்று அறிய நம்மிடம் சட்டப்படியான பதிவேடு இல்லை. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, லாபி செய்பவர்கள் எந்தப் பொருள் குறித்து, எவ்வளவு செலவில் என்று காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடவில்லைதான். ஆனாலும், இந்தியச் சந்தைக்காக வால்மார்ட் லாபி செய்தது 2012இல் நமக்குத் தெரியவந்ததே அந்த நாட்டுக் கணக்கிலிருந்துதான்.

மாநில அரசு பார்த்துக்கொள்ளாதா? ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களை மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது நல்லதே. ஆனால், வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்ற கேள்விகளுக்கு விடை சென்னையில் இல்லை.

கெடுபிடி செய்தால் நிறுவனங்கள் ஓடிவிடும், கந்துவட்டிக்காரர் திரும்பி வருவார் என்பது வலுவான ஆட்சேபம். 2010இல் ஆந்திரம் அவசரச் சட்டம் போட்ட பிறகு வசூல் நின்றது, புதுக் கடனும் வற்றியது. அதை மறுக்க முடியாது. ஆனால், இங்கே கேட்பது கடனுக்குத் தடையல்ல, சங்கங்கள் அரசிடம் தரும் மனுவுக்கு வெளிச்சம். சங்கங்களே கட்டுப்பாடு விதித்துக்கொள்கின்றனவே என்றும் கேட்கலாம். ஒருவருக்கு எத்தனை நிறுவனங்கள் கடன் தரலாம் என்று எம்ஃபின் 2024இல் வரம்பு வைத்தது உண்மை. அதே ஆண்டு அக்டோபரில், அதீத வட்டி உள்ளிட்ட காரணங்களுக்காக, சென்னையைச் சேர்ந்த ஆசிர்வாத் உட்பட நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் வழங்க ரிசர்வ் வங்கி தடை போட வேண்டியிருந்ததும் உண்மை. அந்தத் தடை பின்னர் நீங்கியது. ஆனால், சுய ஒழுங்கு எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்துவிட்டது.

வரைவு விதிகளுக்குப் பொதுமக்கள் கருத்தை ரிசர்வ் வங்கி கேட்கத்தான் செய்கிறது. வேம்பாரிலோ எட்டயபுரத்திலோ இருக்கும் குழுத் தலைவிக்கு அந்த ஆவணம் தமிழில், தெரிந்த ஒருவர் மூலமாக எட்டினால்தானே அவர் பதில் சொல்ல முடியும்? சங்கத்துக்கு அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

லாபியை வெளிப்படுத்தக் கோரி ஒடிசாவின் அப்போதைய எம்.பி. காளிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. குழுக் கடன் நிறைந்த தொகுதிகளின் எம்.பி.க்கள் அதை மீண்டும் கையிலெடுக்கட்டும். முதல் படியாக, நிதித் துறைச் சங்கங்கள் அமைச்சகத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் தரும் ஒவ்வொரு மனுவும் முப்பது நாளுக்குள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடப்பட வேண்டும்.