பின் கண்ணாடி பத்திரம், பாஸ்!

உங்க வீட்டு வாசல்ல தாத்தா காலத்து அம்பாஸடர் நிக்குதா? அதுவும் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம்னா, மழை நாள்ல டிக்கியைத் திறந்து பாருங்க. ஈரமா இருந்தா, குற்றவாளி பின் கண்ணாடியைச் சுத்தியிருக்கிற ரப்பர் பீடிங்!

உப்புக்காத்துலயும் வெயில்லயும் ரப்பர் இறுகி வெடிச்சிடும். அதுக்கு அடியில தங்கற தண்ணி தகரத்தைத் தின்னும். வெளியில பெயின்ட் லேசா கொப்பளிச்ச மாதிரிதான் தெரியும். பீடிங்கைத் தூக்கினா, கரையான் அரிச்ச மாதிரி துரு! மேலாப்புல சிலிக்கான் பூசி மூடறது வேஸ்ட். கண்ணாடியைக் கழட்டியே ஆகணும்.

இங்கேதான் உஷார். இப்போ வர்ற கார்கள்ல முன் கண்ணாடி, நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வெச்ச சாண்ட்விச். விரிசல் விட்டாலும் ஒட்டிட்டு நிக்கும். பின்னாடி இருக்கறது பெரும்பாலும் டஃபன்ட் கிளாஸ். 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சுக் குளிர வெச்சது. அதனால மேல்பரப்பு அழுந்தியும், உள்பக்கம் இழுபட்டும் நிக்கும். நடுவுல தட்டினா தாங்கும். ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் முனை இடிச்சா மொத்தமும் கல்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டிடும். ஆகவே இரும்புச் சாமானுக்குத் தடா!

கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, காலுக்கு ஷூ... இது மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. வண்டி நிழல்ல நிக்கட்டும். எப்படியும் புது பீடிங் போடப்போறோம். அதனால பழசுக்குப் பாவம் பார்க்காம, வெளிப்பக்க ரப்பர் உதட்டை பிளேடால சுத்திலும் அறுத்துடுங்க. அதுதான் சேஃப். உள்ளே ஒருத்தர் மேல் மூலையில உள்ளங்கையால மெதுவா தள்ள, வெளியில ஒருத்தர் ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும். கழட்டினதை சிமென்ட் தரையில வைக்காதீங்க, பழைய மெத்தை பெஸ்ட். (உங்க வண்டி புதுசா? பசை போட்டு ஒட்டின கண்ணாடின்னா கையே வைக்காதீங்க. அது மெக்கானிக் வேலை.)

துருவை உப்புத்தாளால தேய்ச்சு, பிரைமர், பெயின்ட் அடிச்சு நல்லா காய விடுங்க. இதுல அவசரப்பட்டா அடுத்த மழையில மறுபடி முதல்லேருந்து!

மாட்டறதுதான் செம சுவாரஸ்யம். புது பீடிங்கைக் கண்ணாடியில போட்டு, தகரம் உட்கார வேண்டிய பள்ளத்துல நைலான் கயிறைச் சுத்துங்க. ரெண்டு நுனியும் வண்டிக்குள்ள தொங்கணும். சோப்புத் தண்ணி தடவி, வெளியிலிருந்து ஒருத்தர் அழுத்த, உள்ளேயிருந்து ஒருத்தர் கயிறை இழுக்க... ரப்பர் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும்.

அப்புறம் தம்பியைப் பின் சீட்ல உட்கார வெச்சு, ஹோஸ் பைப்பால தண்ணி அடிங்க. “சொட்டுதுண்ணா!”ன்னு குரல் வரலைன்னா டிக்கியையும் ஒரு தடவை பார்த்துட்டு, ஈ.சி.ஆர் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க!