ஏரியா, எரியா?

சென்ற இதழின் பின்னட்டைக் கவிதையில் ஒரு சொல்லைத் தவறாக அச்சிட்டுவிட்டோம். எழுதியவர் பாகூர்ப் பக்கத்துப் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கவிதை வாட்ஸ்அப்பில் வந்தது. மொழி தமிழ், எழுத்து ஆங்கிலம். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் சின்ன எழுத்து. ஒரு கேப்பிட்டல் இல்லை, கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. அறுப்பு முடிந்த வயலைப் பற்றிய கவிதை அது. கடைசி வரியில் ஒற்றைச் சொல் தனியாக நின்றது: இ, ஆர், ஐ. ஏரிக்குப் பேர்போன பாகூர்க்காரர் எழுதினால் வேறென்ன வரப்போகிறது என்று 'ஏரி' போட்டு அனுப்பிவிட்டோம். இதழ் கைக்குப் போன அன்று மாலையே அழைத்தார். "அது எரி சார். தாள எரின்னு அப்பா சொல்றது."

கவிதையே தலைகீழாகிவிட்டது. தண்ணீரில் முடித்துவைத்தோம், அவர் நெருப்பில் முடித்திருந்தார்.

ஆசிரியர் குழுவில் இருக்கும் நண்பர், வில்லியனூர் வட்டாரப் பள்ளிகளில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர், இதற்கெனவே காத்திருந்தவர்போலத் தொடங்கினார். இந்தத் தலைமுறை கேப்பிட்டல் போடுவதை விட்டபோதே எல்லாம் போயிற்று என்றார். நாலுகோடு நோட்டில் பெரிய எழுத்து எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடியவேண்டும் என்று விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். பழைய மாணவர்கள் அவருக்கு வணக்கம் அனுப்பும்போது 'சார்' என்பதன் முதல் எழுத்தையும் சின்னதாகவே போடுகிறார்கள். 'நான்' என்பதற்கான அந்த ஒற்றை ஆங்கில எழுத்துக்கும் அதே கதி. முதலாவதில் அவருக்கு மரியாதைக் குறைவு தெரிகிறது. இரண்டாவதில் சோம்பல்.

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். ஒரு மாணவன் அனுப்பியிருந்ததைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'சார் எப்டி இருக்கீங்க ஊர்ல தான் இருக்கீங்களா வந்தா பாக்கலாமா'. கேப்பிட்டல் ஒன்றுமில்லைதான். ஆனால் 'ங்க' இரண்டு இடத்திலும் இருக்கிறது. தமிழனுக்குக் கேப்பிட்டல் அதுதான். அது எழுத்தின் உயரத்தில் இல்லை, வினையின் வாலில் இருக்கிறது. அந்தப் பையன் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு 'எப்டி இருக்க' என்று முடித்திருந்தால் நண்பர் அன்று இரவு சாப்பிட்டிருக்கமாட்டார்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே நம் எழுத்துக்குக் கிடையாது. ஆங்கில அச்சகத்தில் பெரிய எழுத்துகளை மேல் தட்டிலும் சின்ன எழுத்துகளைக் கீழ்த் தட்டிலும் வைத்ததால்தான் அவற்றுக்கு அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்று பெயர் வந்தது. ஜெர்மன்காரர்கள் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துப் போடுகிறார்கள். அங்கேயே 1925 வாக்கில் பௌஹவுஸ் பள்ளியில் ஹெர்பெர்ட் பேயர், ஒரே ஒலிக்கு இரண்டு வடிவம் எதற்கு என்று கேட்டுச் சின்ன எழுத்து மட்டும் போதும் என்றார். ஆக, கேப்பிட்டலை விடுவது கைப்பேசி கொண்டுவந்த கெடுதல் அல்ல.

நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளையே பாருங்கள். பாகூர் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்றும் 'ஊ'வுக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்துகள் வருகின்றன. பிரெஞ்சுக்காரன் காதால் கேட்டு எழுதியது. வில்லியனூரை 'வில்லெனூர்' என்று எழுதினார்கள், உழவர்கரையை 'உல்கரே' ஆக்கினார்கள். முதல் எழுத்து எல்லாவற்றிலும் முறைப்படி பெரிதாகத்தான் இருந்தது. உழவரைத்தான் காணோம்.

எரிக்கும் ஏரிக்கும் வருவோம். அந்தப் பெண் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்குமா? விளங்கியிருக்காது. தொலைந்தது குறில் நெடில். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஊரிலேயே இதே குழப்பம் கல்லில் இருக்கிறது. பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளும் ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. நம் பழங்கல்வெட்டுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். குறிலுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. வைத்தவர்கள் குறைவு. மெய்க்கே புள்ளி வைக்காமல் வெட்டிக்கொண்டு போனார்கள். ஓலையிலும் அப்படித்தான், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகுதான் ஏரியும் எரியும் தாளில் பிரிந்தன. முந்நூறு வருடம் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் மறுபடி ஒன்றாகிவிட்டன.

அப்படியானால் நம் முன்னோர் எப்படிப் படித்தார்கள்? அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும். பாகூர்ச் சபையார் நீர்நிலையைப் பற்றி வெட்டிவைத்தால், படிப்பவனும் அதே தண்ணீரைக் குடிப்பவன். அவனுக்கு எதற்குப் புள்ளி? புள்ளி தேவைப்படுவது ஆயிரம் வருடம் கழித்து டார்ச் அடித்துப் படிக்கிற நமக்கு.

புதுச்சேரிக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு உதாரணம் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி, 1761இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சற்று முன்பு தான் சாகும்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் நாட்குறிப்பு எழுதினார். 1749இல் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும், 1752இல் பாகூரில் சண்டை நடந்ததும் அந்த வருடங்களில்தான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி என்பதால் பெரிய இடத்துப் பேச்செல்லாம் அவர் காதில் விழுந்தது. கேட்டதைக் கேட்டபடி, பேச்சுத் தமிழில், பிரெஞ்சும் போர்த்துக்கீசும் பாரசீகமும் கலந்து எழுதினார். வாக்கியம் எங்கே முடிகிறது என்று நாம்தான் தேடவேண்டும். நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றியவராகச் சொல்லப்படும் ஆறுமுக நாவலர் பிறந்ததே 1822இல். அந்தக் காலப் புலவர் எவரிடமாவது பிள்ளை தன் நாட்குறிப்பைக் காட்டியிருந்தால் பிழை திருத்தியே கொன்றிருப்பார். பிழையில்லாமல் எழுதிய அக்காலச் செய்யுள்களில் எத்தனையை இன்று யார் படிக்கிறார்கள்? பிள்ளையின் குறிப்பில் துரை தும்மினால் நமக்குக் கேட்கிறது.

தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் எழுதும்போது குறிகள் உதிர்வது இயல்பு. முகம் தெரியாதவனுக்கு எழுதும்போதுதான் அவை வேண்டியிருக்கின்றன. இதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 1881 ஆணைப்படி பழைய தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார்கள். பிரெஞ்சு அலுவலக வழக்கப்படி காகிதத்தில் குடும்பப் பெயர் முழுவதும் கேப்பிட்டலில் வரும். பாரிசில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு இரண்டு தமிழ்ப் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று வேறெப்படித் தெரியும்? அங்கே பெரிய எழுத்து மரியாதைக்காக இல்லை, அடையாளத்துக்காக.

கணினித் தமிழிலும் கேப்பிட்டலுக்கு ஒரு வேலை இருந்தது, இருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகப் பரவிய ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் சின்ன 'எல்' தட்டினால் ல, ஷிஃப்டோடு தட்டினால் ள. சின்ன 'ஆர்' ர, பெரிய 'ஆர்' ற. ணகரத்துக்குப் பெரிய 'என்'. ஷிஃப்டை மறந்தால் வயலில் பெண்கள் 'கலை' எடுத்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு வந்த ஒரு கட்டுரையில் மூன்று பக்கம் எடுத்தார்கள். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்லிவிட்டு அங்கே கலை எடுப்பதாக அச்சிட்டால் ஊருக்குள் போக முடியுமா?

ஆகவே பிழைக்கு எழுதியவரை நோவதில் நியாயமில்லை. கையில் இருக்கிற கைப்பேசியில் வருகிற எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அதை முகமறியாத வாசகனுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் பத்திரிகை வேலை. ஒரு அழைப்பு போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சோம்பல் எங்களுடையது. ஆங்கில ஆசிரியர் நண்பர் இதை இன்னும் முழுக்க ஒப்பவில்லை என்பதையும் பதிவுசெய்கிறோம். மாணவர்கள் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் இப்படியே எழுதிவிடுவார்கள் என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது, அதை வகுப்பறையில் தீர்த்துக்கொள்ளலாம்.

இனி எந்த எழுத்தில் வந்தாலும் படைப்புகளை வாங்கிக்கொள்கிறோம். குரல்பதிவாக வந்தாலும் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும்: பெயரை மட்டுமாவது தமிழில் எழுதி அனுப்புங்கள். யாரையும் உல்கரே ஆக்க எங்களுக்கு விருப்பமில்லை.

சென்ற இதழின் கவிதையைத் திருத்தி இந்த இதழின் பதினோராம் பக்கத்தில் மறுபடி போட்டிருக்கிறோம். மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு அந்தப் பெண்ணிடமிருந்து பதிலோடு புதுக் கவிதை ஒன்றும் வந்தது. பழையபடியே எல்லாம் சின்ன எழுத்து. அடியில் ஒரு வரி: 'இதுல வர்றது ஏரி தான் சார் தண்ணி இருக்கு போட்ருங்க'.