மிட்டியின் மனைவி என்ன கனவு கண்டார்?

கடலில் கடும் புயல். கப்பற்படைத் தளபதி முழுச் சீருடையில் கம்பீரமாக நிற்கிறார். தாண்ட முடியாது என்று பயப்படுகிறார்கள் மற்றவர்கள். அவர் அசரவில்லை. எட்டு இன்ஜின்களும் உறும, கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. சரியாக அந்த நேரத்தில், இவ்வளவு வேகம் எதற்கு என்று பக்கத்து சீட்டிலிருந்து ஓர் அதட்டல். தளபதி திடுக்கிட்டுப் பார்க்கிறார். அங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கையில் இருப்பது கார் ஸ்டீயரிங். அதட்டியது மனைவி. கார் 55 மைல் வேகத்தில் போகிறது. அவருக்கு 40-ஐத் தாண்டினாலே பிடிக்காது.

1939 மார்ச் 18 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் வந்த சிறுகதை இது. 'வால்டர் மிட்டியின் ரகசிய வாழ்க்கை' என்று பெயர். எழுதியவர் ஜேம்ஸ் தர்பர். சில பக்கங்களில் முடிந்துவிடும் குட்டிக் கதைதான். ஆனால் பகல்கனவு காண்பவரை 'மிட்டி' என்றே அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது.

கதையில் நடப்பது என்ன? கணவனும் மனைவியும் பக்கத்து ஊருக்குக் கடைக்குப் போகிறார்கள். மனைவி தலைமுடி அலங்காரத்துக்குப் போக வேண்டும். அதற்குள் மிட்டி ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறையும் நாய்க்குட்டி பிஸ்கெட்டும் வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த இரண்டு சாமான் வாங்குவதற்குள் அவர் கப்பற்படைத் தளபதியாகிறார், பெரிய சர்ஜனாகிறார், கொலை வழக்கில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் குற்றவாளியாகிறார், தன்னந்தனியாகக் கிளம்பும் போர் விமானியாகிறார்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், ஒவ்வொரு கனவும் எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரியும். கையுறை போடச் சொல்கிறார் மனைவி; கார் ஓர் ஆஸ்பத்திரியைக் கடக்கிறது. உடனே ஆபரேஷன் தியேட்டர். பேப்பர் போடும் பையன் ஏதோ வழக்கைப் பற்றிக் கத்துகிறான். உடனே கோர்ட். ஓட்டல் வரவேற்பறையில் கிடக்கும் பழைய பத்திரிகையில் போர் விமானங்களின் படம். உடனே ஆகாயம். கனவுக்கான சாமான் எதையும் மிட்டி வெளியிலிருந்து வரவழைப்பதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் காய்களை வைத்தே சாம்பார் வைப்பது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. முன்பு ஒருமுறை, பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலியைக் கழற்றப் போய் அச்சில் சிக்க வைத்துவிட்டார் மிட்டி. உதவிக்கு வந்த மெக்கானிக் பையன் ஓர் இளிப்பு இளித்தான். அன்றிலிருந்து அந்த வேலைக்குக் காரை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டு போகச் சொல்கிறார் மனைவி. போகும்போதெல்லாம் அவமானம். அடுத்த முறை வலது கையில் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால், 'பாவம், கை சரியில்லை' என்றாவது நினைப்பார்களே என்று யோசிக்கிறார். சில நிமிடம் கழித்து வரும் கோர்ட் கனவில், குற்றவாளி மிட்டியின் வலது கையில் அதே கட்டு! அதனால் அவர் சுட்டிருக்கவே முடியாது என்று வக்கீல் வாதாட, இடது கையாலேயே சுட முடியும் என்று கர்வமாகச் சொல்கிறார் மிட்டி. மெக்கானிக்கின் இளிப்புக்குப் பதில் கோர்ட்டில் கிடைக்கிறது. கதையின் மிகச் சிறந்த இடம் இதுதான்.

கனவில் பழுதான மயக்க மருந்து இயந்திரத்தை ஒரு பேனாவை வைத்துச் சரிசெய்கிறவர், நிஜத்தில் காரைச் சரியாக நிறுத்தத் தெரியாமல் திட்டு வாங்குகிறார். எங்கே அடி விழுந்ததோ அங்கேதான் கனவு முளைக்கிறது.

தர்பருக்கு இதெல்லாம் புரிந்ததில் ஆச்சரியமில்லை. சிறுவயதில் அண்ணனோடு விளையாடும்போது அம்பு பட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றப் பிள்ளைகளோடு ஓடியாட முடியாத பையனுக்குக் கற்பனைதான் மைதானம். பிற்காலத்தில் இன்னொரு கண்ணிலும் பார்வை ஏறக்குறைய போய்விட்டது.

இந்தக் கதை இரண்டு முறை சினிமாவானது. 1947-ல் டேனி கே நடித்த படம் தர்பருக்குப் பிடிக்கவில்லை. 2013-ல் பென் ஸ்டில்லர் எடுத்த படத்தில் மிட்டி நிஜமாகவே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று கிளம்பிவிடுகிறார். பார்க்க அழகான படம். ஆனால் விமான டிக்கெட் எடுக்க வசதி இருப்பவருக்குத்தான் அந்தத் தீர்வு. தர்பரின் மிட்டி எங்கேயும் போவதில்லை. நாய்க்குட்டி பிஸ்கெட்டோடு காத்திருக்கிறார். நம் நாட்டில் 1989-ல் தூர்தர்ஷனில் வந்த 'முங்கேரிலால் கே ஹஸீன் சப்னே' தொடரின் நாயகனும் இதே ஜாதிதான். ரகுவீர் யாதவின் அந்த முகத்தை அன்றைய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, கனவு காண்பது ஒரு பெண்ணாக இருந்தால்?

ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி' நாவல் 1856-ல் பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்தது. எம்மா ஒரு கிராமத்து டாக்டரின் மனைவி. கன்னிமாடத்தில் படித்தபோதே திருட்டுத்தனமாகக் காதல் நாவல்கள் படித்தவள். கணவன் நல்லவன்தான். ஆனால் அவன் பேச்சில் சுவாரஸ்யம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. ஒரே ஒருநாள் ஒரு பிரபுவின் மாளிகை விருந்துக்குப் போய் வருகிறாள். திரும்பும் வழியில் கணவன் கண்டெடுத்த பச்சைப் பட்டுச் சுருட்டுப் பெட்டியை அலமாரித் துணிகளுக்கு நடுவே ஒளித்துவைத்து, அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். பாரிஸ் நகர வரைபடம் ஒன்றை வாங்கி, விரல் நுனியால் தெருத் தெருவாக நடக்கிறாள். பாரிஸை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

பிறகு கனவு கடைக்கு வருகிறது. கடன் கொடுத்துக் கடன் கொடுத்தே அவளைச் சிக்க வைக்கிறான் ஒரு துணி வியாபாரி. காதலர்களும் கைவிட, கடைசியில் ஆர்சனிக் விஷம். கணவனும் மனமுடைந்து சாகிறான். அவர்களின் சின்னப் பெண் பெர்த், பஞ்சாலை வேலைக்கு அனுப்பப்படுகிறாள். அந்த நாவலில் எம்மாவின் சாவைவிட மனத்தை அறுப்பது இந்த ஒரு வரித் தகவல்தான். அம்மாவின் கனவுக்குக் கூலி கட்டுவது குழந்தை. போதாததற்கு, ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று நாவலாசிரியர் மேலேயே 1857-ல் வழக்கு. பிறகு விடுதலை ஆனார்.

ஆண் கனவு கண்டால் தமாஷ், பெண் கனவு கண்டால் தண்டனையா? எல்லாக் கதைகளும் அப்படி இல்லை. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் வரும் கேதரின், பேய்க்கதைகள் படித்துப் படித்து, தங்கப் போன வீட்டின் பழைய அலமாரியில் ஏதோ மர்மச் சுருள் இருப்பதாக நடுங்குகிறாள். விடிந்து பிரித்துப் பார்த்தால் சலவைக் கணக்கு! ஆஸ்டின் சிரிக்கிறார், பெண்ணைக் கொல்லவில்லை. ஆனால் அவளும் வெட்கப்பட்டு அழுதுதான் திருந்த வேண்டியிருக்கிறது. 1963-ல் வந்த 'பில்லி லையர்' படத்து நாயகனுக்கு அந்த நிலைமை கூட இல்லை. சவப்பெட்டிக் கம்பெனி குமாஸ்தா. மனத்துக்குள் தனி நாடே நடத்துகிறவன். லண்டன் ரயிலில் தன்னோடு வரக் கூப்பிட்ட பெண்ணைப் பிளாட்பாரத்திலிருந்து வழியனுப்பிவிட்டு, கற்பனைப் படைக்குத் தலைமை தாங்கி நடைபோட்டு வீடு திரும்புகிறான். இழப்பு பெரிதுதான். ஆனாலும் நாளைக் காலை அவனுக்குச் சாப்பாடு போட வீட்டில் அம்மா இருக்கிறாள்.

இதையெல்லாம் படித்த பிறகு மிட்டி கதைக்குத் திரும்பினால், முதலில் கண்ணில் படாத ஓர் ஆள் தெரிகிறார். மிட்டியின் மனைவி. 80 ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் இவரைப் பிடுங்கல் பேர்வழி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். தர்பரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கார் எவ்வளவு வேகம் போகிறது, கணவன் கையுறை போட்டானா, ரப்பர் உறை வாங்கினானா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா, நாய்க்குட்டிக்குத் தீனி இருக்கிறதா என்று அத்தனையையும் நினைவில் வைத்திருப்பவர் அவர்தான். அவர் நினைவில் வைத்திருப்பதால்தான் மிட்டியால் புயலுக்குள் கப்பல் விட முடிகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கனவு கண்டால் கார் எங்கே போய் நிற்கும்?

கதையில் அவருக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. மிஸஸ் மிட்டி, அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் எதையோ மறந்துவிட்டேன் என்று மருந்துக்கடைக்குள் போகிறார். ஒரு நிமிடத்தில் வருவதாகச் சொன்னவர் அதற்கு மேலேயே எடுத்துக்கொள்கிறார். வெளியே மழையில் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்த மிட்டி, துப்பாக்கிப் படைக்கு எதிரே கண்ணைக் கட்டிக்கொள்ளாமல் நிற்கும் வீரனாக மாறிவிடுகிறார். தர்பரின் கவனமெல்லாம் அவர் மேல்தான். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் அந்த அம்மாள் அன்று எதை மறந்தார், உள்ளே அலமாரிகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கதையில் இல்லை.